கட்டிலுக்குக் கீழே பார்த்தது

இந்தக் கட்டுரையை அலுவலகத்தார் முதலில் என்னிடம் கேட்கவில்லை. என்னோடு வேலை செய்த ஜெசிந்தாவிடம்தான் கேட்டார்கள். "எனக்கு எழுத வராது, பிலோமி அக்காகிட்ட கேளுங்க" என்று அவள் தட்டிக்கழித்த பிறகுதான் எனக்கு ஃபோன் வந்தது. நான் ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன, பொறாமை மட்டும் தேயவில்லை. ஃபோனை வைத்ததும் என் கணவரிடம், "பார்த்தீங்களா, எனக்கு வாறது எப்பவும் மிச்சச் சோறுதான்" என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பசிச்சா சாப்பிடு, இல்லாட்டி விடு" என்றார்.

பசித்தது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகம் கண்டியில் ஒரு மாதா கோவிலின் பின்பக்கத்தில் இருந்த மூன்று அறைகள். மழை, மண்சரிவு, தீ, சாவு என்று அடிபட்ட வீடுகளுக்குப் பொருளாக உதவி கொடுப்பது அங்கே வேலை. எந்த வீட்டுக்கு எது கொடுப்பது என்று போய்ப் பார்த்து எழுதி வருவது என் வேலை. இருபத்தெட்டு வருடம் அதைச் செய்தேன். இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் கையில் ஒரு டேப்லட்டோடு போகிறார்கள். கேள்விக்குக் கேள்வி தட்டிக்கொண்டே போனால் எது தேவை, எது ஆசை என்று அதுவே பிரித்துக் காட்டிவிடுகிறதாம். அந்தக் காலத்தில் மெஷின் இல்லாமல் எப்படிப் பிரித்தீர்கள் என்று அலுவலகம் வெளியிடும் மலருக்கு எழுதச் சொல்கிறார்கள். எப்படிப் பிரித்தோம் என்று எழுதுகிறேன். ஒரு தடவை நான் எப்படிப் பிரித்தேன் என்பதையும் எழுதாவிட்டால் இது பாதிப் பொய்யாகிவிடும்.

நான் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பா தோட்டத்துக்குத் தபால் சுமந்தவர். எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து நல்ல கவுன் ஒன்றுதான் இருந்தது. அதனால் ஒரு ஞாயிறு அவள் பூசைக்குப் போவாள், அடுத்த ஞாயிறு நான் போவேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து, சிறிது காலம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, கல்யாணத்துக்குப் பிறகு இந்த வேலைக்கு வந்தேன்.

எங்களுக்கு மேலே இருந்தவர் சிஸ்டர் பெனடிக்டா. யாழ்ப்பாணத்துக்காரர், குள்ளமான உருவம். எந்த அறிக்கையையும் உட்கார்ந்து வாசிக்க மாட்டார். ஜன்னலோரம் நின்றபடி, தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து, உதட்டை அசைத்து அசைத்து வாசிப்பார். ஒரு குடும்பத்தின் கஷ்டத்தைக் கதிரையில் சாய்ந்துகொண்டு படிப்பது மரியாதை இல்லை என்பது அவருடைய எண்ணம். அவர் எனக்கு வேலை பழக்கியது ஒரே வாரம்.

பறித்த கொழுந்தை நிறுத்து முடிந்து பெண்கள் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துப் போக வேண்டும். கதிரையைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள், உடனே உட்காரக் கூடாது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் குசினிக்குள் போக வேண்டும். தட்டுகளை எண்ண வேண்டும், ஆட்களை எண்ண வேண்டும். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று மறந்தும் கேட்கக் கூடாது. "நேத்து என்ன சமைச்சீங்க? எதுல சமைச்சீங்க?" என்றுதான் கேட்க வேண்டும். சீனி இல்லாவிட்டாலும் கொடுக்கிற தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும். அவர்கள் கண்ணுக்கு முன்னால் எழுதக் கூடாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பென்சிலால் எழுத வேண்டும். தெல்தோட்டை மலை ரோட்டு வளைவுகளில் நான் எழுதியதை வாசிக்க சிஸ்டரைத் தவிர யாராலும் முடியாது.

தாளை நடுவில் மடித்தால் இரண்டு பத்தி. இடது பக்கம் 'இல்லாமல் முடியாது'. வலது பக்கம் 'இருந்தால் நல்லது'. ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் வேறு வேறு நாளில் போக வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. சிஸ்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வாசிப்பார். இரண்டிலும் ஒன்றாக இருந்தால் சரி போடுவார். வித்தியாசம் வந்தால் நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"நீர் கண்டனீரோ, கேட்டனீரோ?"

"பார்த்தேன் சிஸ்டர்" என்றால் அதோடு விட்டுவிடுவார். தன்னிடம் ஒருவர் பொய் சொல்லுவார் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஊரார் வீட்டையெல்லாம் இரண்டாகப் பிரித்த எனக்கு என் வீட்டில் ஒரே பத்திதான் இருந்தது. இரண்டு அலுமாரி, இரண்டும் கதவு மூடாது. எழுபத்தொரு சேலை என்று கணவர் ஒரு லீவு நாளில் எண்ணிச் சொன்னார். நாங்கள் மூன்று பேர், ஆனால் பன்னிரண்டு பேருக்கான தேத்தண்ணிக் கோப்பை மூன்று செட். டுபாயிலிருந்த தம்பி வரும்போதெல்லாம் விட்டுப்போன சூட்கேஸ் மூன்று, பொலித்தீன் உறை பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே இருந்தன. ஆடம்பரக்காரி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். விருந்தாளி வந்தால் வேண்டும், மகளுக்கு ஆகும், அடுத்த மாதம் விலை ஏறப்போகிறது என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. எதையும் இடது பத்திக்குக் கொண்டுவர எனக்குத் தெரியும், அதுதானே என் தொழில். "போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று கணவர் கிண்டல் செய்வார். "மருந்து கசக்கும், நீங்களே குடிங்க" என்பேன்.

நான் சேர்ந்து ஒன்பது வருடம் கழித்து ஜெசிந்தா வந்தாள். கண்டி டவுனில் மகியாவைப் பக்கத்துப் பிள்ளை, அவள் அப்பா நகரசபையில் தொழிலாளி. நீலச் சேலை ஒன்று, காப்பிக் கலர் சேலை ஒன்று. திங்கள் நீலம், செவ்வாய் காப்பி. பாவம் என்று நினைத்து முதல் மாதம் என் சேலைகளில் ஒன்றைக் கொடுத்தேன். "ரொம்ப அழகா இருக்கு அக்கா" என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் அது தெருக் கூட்டும் ஓர் அம்மாவின் மேல் இருந்தது.

பழக்குவதற்காக அவளை முதலில் அனுப்பிய வீட்டுக்கு நானும் போயிருந்தேன். ஐந்து பேர், நான்கு தட்டு. இன்னொரு தட்டு இல்லாமல் முடியாது என்று எழுதினேன். அவள் எழுதியிருந்தது: "தட்டு போதும். பிள்ளைகள் சாப்பிட்ட தட்டில்தான் அம்மா சாப்பிடுகிறார், அது அவருக்குப் பிடித்திருக்கிறது. கத்தி இல்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொண்டிருந்தார்கள், இப்போது அந்த வீட்டோடு பேச்சு இல்லை. மரக்கறியைக் கையால் ஒடித்துப் போடுகிறார்கள்."

சிஸ்டர் தாளை இறக்கி, "கண்டிட்டாள்!" என்றார். எனக்கு ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அந்தச் சொல் கிடைத்ததில்லை. அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல்.

வேலை முடிந்து இரண்டு பேரும் கண்டிக் கடைத்தெரு வழியாக பஸ்ஸுக்கு நடப்போம். நான் ஒவ்வொரு கண்ணாடிக்கும் நிற்பேன். அவளும் நிற்பாள், பார்ப்பாள், "நல்லா இருக்குல்ல அக்கா" என்பாள், நடப்பாள். பிடித்ததை அங்கேயே விட்டுவிட்டு அவளால் போக முடிந்தது. எனக்கு அந்தச் சேலை ராத்திரி சோற்றுத் தட்டு வரைக்கும் கூட வரும். அடுத்தவளிடம் இருக்கிறதைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் நாலு பேரிடம் சொல்லியாவது ஆறலாம். நான் அவளுக்கு ஒன்றும் வேண்டாமல் இருந்ததைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதை வெளியே சொல்லவும் வெட்கம்.

தவக்காலத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும், நம்மிடம் இருப்பதில் இல்லாவிட்டாலும் நடக்கும் என்கிற ஒன்றைக் கொண்டுவந்து வாசல் மேசையில் வைக்க வேண்டும். ஒரு வருடம் இதில் ஜெசிந்தாவை ஜெயித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். ஆண்டவருக்காக ஒறுத்தல் செய்கிற காலத்தில் போட்டி போட்டவள் கண்டியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முதல் வெள்ளி இரண்டு சேலை. அடுத்தது நான்கு. மூன்றாவது வெள்ளி ஒரு கோப்பை செட். ஒவ்வொன்றையும் மேசையில் வைக்கும்போது சிஸ்டரின் முகத்தைத்தான் பார்ப்பேன். நான்காவது வெள்ளி ஆறு சேலையோடு போனேன். ஜெசிந்தா வெறுங்கையோடு வந்து, "இந்தக் கிழமை ஒண்ணும் இல்ல சிஸ்டர், தேடிப் பார்த்தேன்" என்றாள். "ஓம், நல்லது" என்று சிரித்த சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "பிள்ளை, உமக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு?" என்று கேட்டார்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த வாரமே அலுமாரியில் காலியான தட்டை நிரப்ப ஐந்து புதுச் சேலை வாங்கினேன்.

இனி முதலில் சொன்ன அந்தக் கேஸுக்கு வருகிறேன். தெல்தோட்டைக்கு அப்பால் ஒரு தோட்டம், தொழிலாளர் வீடுகள் ஒட்டி வரிசையாக நிற்கும் மேல் லயம். ஐப்பசி மழையில் பின்பக்கத்து மண் இறங்கி, வரிசையாக இருந்த குசினிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டது. முன்பக்கத்து அறைகள், காம்பராக்கள், தப்பின. அதிகாரிகள் வந்து ஆபத்தான இடம் என்று சுவரில் சிவப்புக் குறி போட்டார்கள். எங்கே போவது என்று மட்டும் சொல்லவில்லை. கடைசிக் காம்பராவில் பாக்கியம் என்ற பெண் இரண்டு மகள்களோடு இருந்தாள். புருஷன் கொழும்பில் கடையில் வேலை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மூத்தவள் நிரோஷாவுக்குப் பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரித் தாதி உதவியாளர் பயிற்சிக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்திருந்தது. அந்த லயத்தில் அப்படி ஒரு கடிதம் அதுவரை யாருக்கும் வந்ததில்லை. அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டியிருந்தார்கள்.

ஜெசிந்தா ஒரு நாள் போய் வந்தாள். மறுநாள் நான் போனேன். குசினி இல்லாத வீட்டில் எந்தக் குசினிக்குள் போவது? ஒரு மூலையில் மூன்று கல். ஒரு சட்டி. கம்பளி இரண்டு, அதில் ஒன்று ஈரம். எல்லாம் பார்த்துக்கொண்டு எழும்பும்போது பாக்கியம் தயங்கித் தயங்கி, "மிஸ், ஒரு சூட்கேஸ் கெடைக்குமா? பழசா இருந்தாலும் பரவாயில்லங்க" என்றாள்.

எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது கட்டிலுக்குக் கீழே தெரிந்தது. கடையில் சாமான் போட்டுக் கொடுக்கிற, உள்ளே இருப்பது தெரிகிற நான்கு பொலித்தீன் பை, வாய் கட்டி, ஒன்றின் மேல் ஒன்று. ஒன்றுக்குள் நிரோஷாவின் சான்றிதழ் தாள்கள், இன்னொன்றில் சின்னவளின் பள்ளி உடுப்பு. மேலே ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. பக்கத்தில் மூன்று சோடி செருப்பு, மூன்றும் வாசலைப் பார்த்தபடி.

மழை பலத்தால் அவர்கள் அந்தப் பைகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறார்கள். விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நான் நிமிர்ந்தபோது பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வந்த கேள்வியைக் கேட்காமலே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து இடது பத்தியில் எழுதினேன்: 'சூட்கேஸ் ஒன்று. தண்ணீர் புகாதது.'

மறுநாள் காலையில் நேரத்தோடு அலுவலகம் போய்விட்டேன். சிஸ்டர் கோவிலில் இருந்தார். அவருடைய மேசையில் ஜெசிந்தாவின் தாள் இருந்தது. பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்த்தேன். இடது பத்தியில் கடைசி வரி: 'பூட்டுள்ள சூட்கேஸ். அவர்கள் கேட்கவில்லை. கட்டிலுக்குக் கீழே பார்த்தேன்.'

அவர்கள் கேட்கவில்லை! எனக்கு வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. அவளுக்குக் கேட்காமலே பட்டிருக்கிறது. அதற்கு முந்தின வாரம்தான், புதிதாக வருகிறவர்களுக்கு இனிமேல் ஜெசிந்தா வேலை பழக்கட்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அந்தப் புண் ஆறவில்லை. இன்றைக்கு என் தாளிலும் அதே வரி இருந்தால் அவள் மறுபடியும் 'கண்டிட்டாள்', நான் அவள் பின்னால் வந்தவள். பையைத் திறந்து றப்பரை எடுத்தேன். இடது பத்தியில் இருந்ததை அழித்தேன். வலது பத்தியில் எழுதினேன். றப்பர்த் தூளை ஊதிவிட்டேன்.

சிஸ்டர் இரண்டு தாளையும் ஜன்னலுக்குப் பிடித்தார்.

"பிலோமினா, இதிலே மட்டும் வித்தியாசம். நீர் கண்டனீரோ, கேட்டனீரோ?"

"பார்த்தேன் சிஸ்டர். பையில உடுப்புக் கட்டி வெச்சிருக்காங்க. அந்த அம்மா வெளிநாடு போற யோசனையில இருக்கிற மாதிரி தெரியுது."

அந்த வருடம் இரண்டு தோட்டத்துத் தாய்மார் வீட்டு வேலைக்கென்று அரபு நாட்டுக்குப் போய், அவர்களுடைய பிள்ளைகள் எங்கள் கையில் வந்து விழுந்திருந்தார்கள். சிஸ்டருக்கு அது பெரிய வேதனை. எந்தப் பொய் எந்த இடத்தில் பிடிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் பென்சிலால் ஜெசிந்தாவின் கடைசி வரியை வெட்டினார். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் சிஸ்டர். நான் தப்பா வெளங்கியிருப்பேன்" என்றாள்.

சட்டி போயிற்று, கம்பளி போயிற்று, கூரைக்குத் தகரம் போயிற்று. சூட்கேஸ் போகவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு பின்னேரம் மழை பிடித்தது. மேட்டிலிருந்து கல் உருளும் சத்தம் கேட்டு லயமே ஓடியது. ஆண்டவர் புண்ணியத்தில் உயிர்ச்சேதம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஏறும் படியில் நிரோஷாவின் கையிலிருந்த பொலித்தீன் பை கிழிந்தது. உள்ளே இருந்ததெல்லாம் படியோரத்துத் தண்ணீர்க் கானில் விழுந்து தண்ணீரோடு போயிற்று. பரீட்சை முடிவுத் தாள் இரண்டு நாள் கழித்துத் தேயிலைச் செடியில் ஒட்டிக்கிடந்தது, எழுத்து இல்லை. பிறப்புச் சான்றிதழ் கிடைக்கவே இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை காலில் இரவல் சப்பாத்தோடு நேர்முகத்துக்குப் போனாள். மூலப் பத்திரம் இல்லாமல் எடுக்க முடியாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் பல்லேகலயில் தையல் தொழிற்சாலையில் சேர்ந்தாள்.

இதையெல்லாம் ஜெசிந்தாதான் அலுவலகத்தில் வந்து சொன்னாள். சொல்லும்போது அழுதாள். "நாம அந்தப் பெட்டியக் குடுத்திருக்கலாம் அக்கா" என்றாள். நீங்க என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். நாம என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நாற்பது வருடமாகப் பொய், கோபம், பூசை தவறியது என்று ஒரே பட்டியலைத்தான் சொல்லி வந்திருந்தேன். பொறாமையை ஒரு தடவையும் சொன்னதில்லை. அது பாவம் என்றே தோன்றவில்லை, என் உயரம், என் நிறம் மாதிரி என்னோடு பிறந்தது என்று நினைத்திருந்தேன். முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாதர் வயதானவர், எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு, "பொய்யை யார்கிட்ட சொன்னீங்களோ அவங்ககிட்ட போய் உண்மையைச் சொல்லுங்க. நட்டம் யாருக்கோ அவங்ககிட்டயும் சொல்லுங்க. இப்ப பரலோக மந்திரம் ஒண்ணு சொல்லுங்க. 'இன்று'ங்கிற எடத்துல நில்லுங்க. இன்னைக்கு ஒங்களுக்கு என்ன வேணும்னு தெரிஞ்ச பொறகு மிச்சத்தச் சொல்லுங்க" என்றார்.

சின்னப் பரிகாரம்தானே என்று வாங்குப் பலகையில் போய் முழங்காலிட்டேன். 'எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று' என்று வந்து, அந்த ஒரு சொல்லைத் தாண்ட முடியவில்லை. அலுமாரிச் சேலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரு கல்யாணத்துக்கு, ஒரு திருநாளுக்கு, என்றோ வரப்போகிற ஒரு நாளுக்கு. இன்றைக்கு என்று ஒன்றும் இல்லை. சிஸ்டரின் வாயிலிருந்து ஒரு பாராட்டு வேண்டும் என்று இருந்தது, அது இன்றைக்கும் வேண்டும், நாளைக்கும் வேண்டும், எவ்வளவு கிடைத்தாலும் போதாது. மெழுகுவர்த்தி அணைக்கிற அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இன்றைக்கு எனக்கு இல்லாமல் முடியாதது, நான் சொன்ன பொய்யைத் திருப்பி வாங்குவது ஒன்றுதான். அது புரிந்த பிறகுதான் மந்திரத்தின் மிச்சம் வாயில் வந்தது.

திங்கட்கிழமை சிஸ்டரிடம் சொன்னேன். வழக்கம்போல நின்றுகொண்டே கேட்டார். முடிந்ததும், "றப்பர் எங்க?" என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் வீட்டு அறிக்கையைப் பேனாவால்தான் எழுதினோம்.

"உம்மட வீட்டிலே பெட்டி இருக்கோ?"

"மூணு இருக்கு சிஸ்டர்."

"மூண்டு" என்றார். "வேதத்திலே, நாளைக்கெண்டு அள்ளி வைச்ச மன்னா அப்பத்திலே புழு வைச்சதெண்டு படிச்சனீர்தானே. போம் பிள்ளை."

மூன்றில் பெரியதை, சிவப்பு நிறம், சக்கரம் வைத்தது, உறை பிரித்து எடுத்துக்கொண்டு தெல்தோட்டை பஸ்ஸில் ஏறினேன். "மிஸ் டுபாய்க்கா? இது ஏர்போட் பஸ் இல்லையே" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. பாக்கியம் குடும்பம் அப்போது பள்ளிக்கூடத்து அறையொன்றில் இருந்தது. பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனால், மூலையில் ஒரு பழைய நீலச் சூட்கேஸ் இருந்தது.

"ஜெசிந்தா மிஸ் சனிக்கெழம கொண்டாந்து குடுத்தாங்க. அவங்க சொந்தப் பெட்டி போல" என்றாள் பாக்கியம்.

மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மனம் வருந்தி வருவதற்கும் முன்னால் வந்து நிற்கிறாளே! அந்த நிமிஷம் திரும்பி நடந்திருந்தாலும் நடந்திருப்பேன். 'இன்று' என்று மனதுக்குள் சொன்னேன். பெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சிமெந்துத் தரையில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன். தாளில் எழுதியது, அழித்தது, வெளிநாட்டுக் கதை கட்டியது, எதனால் கட்டினேன் என்பது, எல்லாம்.

பாக்கியம் கொழுந்துக்குப் போய் வந்த காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"நீங்க குனிஞ்சு பார்த்தீங்கல்ல மிஸ்" என்றாள். "அதனாலதான் நான் ஒண்ணும் வெளக்கல. பார்த்தவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. "எங்கிட்டச் சொன்னது போதும். மூத்தவகிட்டயும் நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

தொழிற்சாலை வேனிலிருந்து நிரோஷா இறங்கும் வரை பள்ளிக்கூடப் படியில் காத்திருந்தேன். சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. யார் மேல் பொறாமை என்று கேட்டாள். ஜெசிந்தா மிஸ் மேல் என்றேன்.

"அதுக்கு நான் என்ன செஞ்சேன் மிஸ்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அவளுக்கு அப்போது தேவைப்பட்டது பெட்டி இல்லை, பிறப்புச் சான்றிதழ். பரீட்சைத் தாளும் பள்ளிக்கூடக் கடிதமும் மறுபடி எடுத்துவிடலாம். பிறப்புப் பதிவுதான் சிக்கல். பாக்கியம் தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது பன்வில பக்கத்தில் பிறந்த பிள்ளை. எங்கே பதிந்தார்கள், எண் என்ன, ஒன்றும் யாருக்கும் நினைவில்லை. நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அலைந்தேன். பிரதேச செயலகம், மாவட்ட அலுவலகமான கச்சேரி, பழைய பதிவாளர் வீடு, தோட்டத்து ஆபீஸ், மறுபடி கச்சேரி. "ஹெட்ட என்ன" என்று சிங்களத்தில் சொல்வார் கிளார்க், நாளைக்கு வாங்க என்று. நாளைக்குப் போனால் மறுபடியும் நாளைக்கு வரச் சொல்வார். ஏழு தடவை போனேன். பல தடவை மத்தியானச் சாப்பாடு ஒரு பணிஸ். வழியில் எத்தனையோ சேலைக் கடை இருந்தது, வரிசையில் இடம் போய்விடும் என்ற பயத்தில் எதற்கும் நிற்கவில்லை.

வீட்டிலிருந்தும் சாமான்கள் வெளியே போகத் தொடங்கின. தவக்கால மேசைக்கு ஒன்றையும் கொண்டுபோகவில்லை. யாருக்குத் தேவையோ அவர்கள் வீட்டுக்கு, பேர் சொல்லாமல். ஒரு நாள் கணவர் அலுமாரிக் கதவை மூடிப் பார்த்தார். மூடியது. "அடடே, இதுக்குப் பூட்டுகூட இருக்கு" என்றார். முழுக்கத் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருபத்திரண்டு சேலை இன்னும் இருக்கிறது. காலை எழுந்ததும் அந்த மந்திரத்தில் அதே சொல்லில் நிற்கிறேன். சில நாள் தாண்டுகிறேன், சில நாள் சறுக்குகிறேன்.

ஏழாவது தடவை நிரோஷாவும் லீவு போட்டுவிட்டுக் கச்சேரிக்கு வந்தாள். பழைய பதிவுப் புத்தகத்தில் அவள் பெயர் கிடைத்தது. முத்திரை குத்திய புதுத் தாளைக் கையில் வாங்கி, அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த இடம் என்று விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். அந்த வருடத்துப் பயிற்சி போய்விட்டது. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம் எழுதுவாள். இடம் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பிறகு இரண்டு தடவை எழுதி, இரண்டாவது தடவை எடுத்தார்கள் என்பது பின்னால் நடந்தது.

தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, "இனி நீங்க வரத் தேவையில்ல மிஸ்" என்றாள். பிறகு, "இது கெடைச்சிருச்சின்னு ஜெசிந்தா மிஸ்கிட்ட சொல்லிருங்க. அவங்க ரொம்ப சந்தோசப்படுவாங்க" என்றாள்.

அலைந்தவள் நான், சந்தோஷப்படுகிறவள் அவள். கச்சேரியிலிருந்து அலுவலகத்துக்கு ஏறிப் போகிற வழியெல்லாம் அதை மென்றுகொண்டே போனேன். ஜெசிந்தா ஒரு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். "நிரோஷாவுக்கு சேர்டிபிகேட் கெடைச்சிருச்சு. ஒங்கிட்ட சொல்லச் சொன்னா" என்றேன். அவள் பேனாவைப் போட்டுவிட்டு எழும்பி என்னைக் கட்டிக்கொண்டாள். "எப்படிக்கா கெடைச்சிச்சு?" என்று கேட்டாள்.

ஏழு தடவை நான் அலைந்ததைச் சொல்லிவிடப் பார்த்தேன். "தேடினாங்க, கெடைச்சிச்சு" என்றேன். அவளுக்கு அது தெரிய வேண்டிய தேவை இல்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத்தான் ஆசையாக இருந்தது.

அந்த ஏழு தடவையை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் இந்த மலரை ஜெசிந்தா ஒரு வரி விடாமல் வாசிப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஏழு தடவை என்று எழுதியிருக்கிறேன். பாருங்கள், அந்த ஆசை இன்னும் போகவில்லை.